புது வேலையில் முதல் சம்பளம்: எந்தத் தேதியில் வரும், எத்தனை நாளுக்கு வரும்?

என் முதல் வேலை கோயம்புத்தூரில். மாதத்தின் 24ஆம் தேதி சேர்ந்தேன். மாதக் கடைசியில் ஒரு வாரச் சம்பளமாவது வந்துவிடும் என்று நம்பி, 31ஆம் தேதி சாயங்காலம் ஏடிஎம் வாசலில் வரிசையில் நின்றேன். சீட்டில் இருப்பு 212 ரூபாய் என்று வந்தது. மறுநாள் அறை வாடகை கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் போய்க் கேட்டால், "நீங்க 20ஆம் தேதிக்கு அப்புறம் சேர்ந்திருக்கீங்க தம்பி, அடுத்த மாசம் சேர்த்து வரும்" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் சேரும்போது அதை யாரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

சில வருடங்கள் கழித்து சம்பளப் பிரிவிலேயே வேலை கிடைத்தது. அன்றிலிருந்து மற்றவர்களின் சம்பளத்தைக் கணக்குப் போட்டு அனுப்புவதுதான் என் வேலை. ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சேர்ந்த யாராவது ஒருவர் அதே முகத்தோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குச் சேர்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் மூன்று தேதிகள்

முதல் சம்பளம் எப்போது வரும் என்பதை மூன்று தேதிகள் முடிவு செய்கின்றன. உங்கள் சம்பளம் இருபதாயிரமா, இரண்டு லட்சமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒன்று, சம்பளக் காலம். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செய்த வேலைக்கு இந்தச் சம்பளம் என்பது. பெரும்பாலான அலுவலகங்களில் 1ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை. சில இடங்களில் போன மாதம் 21 முதல் இந்த மாதம் 20 வரை, அல்லது 26 முதல் 25 வரை. வருகைப் பதிவை முன்கூட்டியே முடித்தால்தான் மாதக் கடைசிக்குள் கணக்குப் போட முடியும் என்பதற்காக இப்படி வைத்திருப்பார்கள்.

இரண்டு, கட்-ஆஃப் தேதி. இந்த மாதப் பேரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், ஒரு புதுப் பெயரைச் சேர்க்கக் கடைசி நாள். இது ஆஃபர் லெட்டரில் இருக்காது, எச்ஆர் தானாகவும் சொல்ல மாட்டார். என்னை 212 ரூபாயோடு நிற்க வைத்தது இந்தத் தேதிதான்.

மூன்று, சம்பள நாள். பணம் கணக்கில் ஏறும் நாள். மாதத்தின் கடைசி நாளாக இருக்கலாம், அடுத்த மாதம் 1, 5 அல்லது 7ஆம் தேதியாகவும் இருக்கலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பலவற்றில் இன்றும் சனிக்கிழமை தோறும் வாரச் சம்பளம்தான். அங்கே புதன்கிழமை சேர்ந்தவர் அந்தச் சனிக்கிழமையே நான்கு நாள் கூலியைப் பார்த்துவிடுவார், அல்லது அடுத்த சனிக்கிழமை பார்ப்பார். தவறு நடந்தாலும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மாதச் சம்பளத்தில் ஒரு தேதி தவறினால் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு விளக்கமும்.

ஒரே தேதி, ஐந்து விதமான தொகை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிடித்தம் போவதற்கு முந்தைய மாதச் சம்பளம் 40,000. அதில் பேசிக் என்னும் அடிப்படைச் சம்பளம் 22,000, வீட்டு வாடகைப்படி 11,000, பயணப்படி 7,000. ஜூலை 11ஆம் தேதி வேலையில் சேர்கிறீர்கள்.

காலண்டர் மாதக் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தில், 11 முதல் 31 வரை 21 நாள். 40,000ஐ 31ஆல் வகுத்து 21ஆல் பெருக்கினால் 27,097 ரூபாய்.

எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று வைத்துக் கணக்கிடும் நிறுவனத்தில், வேலை செய்யாத முதல் பத்து நாளைக் கழித்து 20 நாள் தருவார்கள். 26,667 வரும். சிலர் அதே 30ஆல் வகுத்து, வேலை செய்த 21 நாளுக்குக் கொடுப்பார்கள். அப்போது 28,000.

தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் 26 நாள் கணக்கு அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டு வேலை நாட்களை மட்டும் எண்ணுவார்கள். 11 முதல் 31 வரையில் மூன்று ஞாயிறு வந்தால் 18 வேலை நாள். 40,000ஐ 26ஆல் வகுத்து 18ஆல் பெருக்கினால் 27,692.

இதுவரை வந்த வித்தியாசம் சில நூறு, அதிகம் போனால் ஆயிரத்துச் சொச்சம். ஆளைத் தூக்கிப் போடுவது 21 முதல் 20 வரையிலான கணக்கு. அங்கே ஜூலை மாதச் சம்பளம் என்றால் ஜூன் 21 முதல் ஜூலை 20 வரை, மொத்தம் 30 நாள். நீங்கள் வேலை பார்த்தது 11 முதல் 20 வரை 10 நாள்தான். ஜூலை 31 அன்று கைக்கு வரும் முதல் சம்பளம் 13,333 ரூபாய். பக்கத்துக் கட்டடத்தில் அதே நாளில், அதே சம்பளத்துக்குச் சேர்ந்த நண்பருக்கு 27,097 வந்திருக்கும்.

மீதி 11 நாள் எங்கே போனது என்று பதற வேண்டாம். ஜூலை 21 முதல் 31 வரையிலான நாட்கள் ஆகஸ்ட் சம்பளத்துக்குள் இருக்கின்றன. இந்த முறையில் எப்போதும் பத்துப் பதினோரு நாள் சம்பளம் நிறுவனத்திடம் பாக்கி நின்றுகொண்டே இருக்கும். வேலையை விட்டுப் போகும் நாளில், கடைசிக் கணக்கு முடிக்கும்போதுதான் அது கைக்கு வரும். அப்போது அதைக் கேட்டு வாங்க மறந்துவிடாதீர்கள். விலகும் அவசரத்தில் பலரும் இந்த நாட்களைக் கவனிப்பதே இல்லை.

கட்-ஆஃபுக்கு அப்புறம் சேர்ந்தால்

அதே 40,000 சம்பளம். காலண்டர் மாதக் கணக்கு, கட்-ஆஃப் 20ஆம் தேதி, சம்பள நாள் மாதக் கடைசி. நீங்கள் சேர்வது ஜூலை 23.

ஜூலை 31 அன்று உங்களுக்கு ஒன்றும் வராது. ஆகஸ்ட் 31 அன்று ஆகஸ்ட் சம்பளம் 40,000த்தோடு ஜூலையின் 9 நாள் அரியர் 11,613 சேர்ந்து 51,613 வரும். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) இரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பிடிப்பார்கள், அதன் கணக்கைப் பின்னால் சொல்கிறேன். ஜூலைக்கு 766, ஆகஸ்டுக்கு 1,800 போனால் கையில் 49,047.

ஒரே நாளில் 49,000 வருவது நல்ல விஷயம்தான். ஆனால் ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 31 வரை 40 நாள். அந்த 40 நாளும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் பணம் வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சமாளித்துவிடலாம்.

இங்கே சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின்படி ஆயிரம் பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனம் 7ஆம் தேதிக்குள்ளும், அதற்கு மேல் உள்ள நிறுவனம் 10ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் தர வேண்டும் என்று இருந்தது. 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதி முடிவதற்குள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே ஜூலையின் அந்த 9 நாள் சம்பளம் முறைப்படி ஆகஸ்ட் 7க்குள் வர வேண்டியது. பேரோலை ஒருமுறை ஓட்டி முடித்த பிறகும், ஒருவருக்கு மட்டும் தனியாகச் சம்பளம் போடப் பெரும்பாலான மென்பொருள்களில் வழி இருக்கிறது. ஆஃப்-சைக்கிள் என்று சொல்வார்கள். எங்களுக்குச் சற்றுக் கூடுதல் வேலை, அவ்வளவுதான். மரியாதையாகக் கேட்டால் பல இடங்களில் செய்து கொடுப்பார்கள். நான் செய்து கொடுத்திருக்கிறேன்.

சேரும் முன்பே கேளுங்கள்

சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் பணத்தாசை பிடித்தவர் என்று நினைப்பார்களோ என்று முதல் வேலைக்கு வருகிற பிள்ளைகள் தயங்குகிறார்கள். அப்படி யாரும் நினைப்பதில்லை. எங்களுக்கு இது தினமும் வருகிற கேள்வி. இப்படிக் கேளுங்கள்:

"மேடம், ஒரு சந்தேகம். நான் 23ஆம் தேதி சேர்றேன். இந்த மாசப் பேரோல்லயே என் பேர் வந்துடுமா, இல்ல அடுத்த மாசம் அரியரோட சேர்ந்து வருமா? வருகைக் கணக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும்?"

பதில் வாயால் வந்தாலும் பரவாயில்லை. ஆனால் அன்றே ஒரு மெயில் போட்டு, "நீங்கள் சொன்னபடி என் முதல் சம்பளம் இன்ன தேதியில், இத்தனை நாளுக்கு வரும் என்று புரிந்துகொண்டேன்" என்று எழுதி வையுங்கள்.

சேரும் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் கட்-ஆஃபுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் சேர்வது நல்லது. கடைசி நாளிலேயே சேர்ந்தால், உங்கள் பெயரை மென்பொருளில் ஏற்றி வங்கி விவரத்தைச் சரிபார்ப்பதற்குள் நேரம் போய்விடும். வேலை மாறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய நிறுவனத்தின் கடைசி நாளும் புதிய நிறுவனத்தின் முதல் நாளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. பிஎஃப் பதிவில் இரண்டு வேலைத் தேதிகள் மோதினால், பின்னாளில் பணத்தை மாற்றும்போது அலைய வேண்டியிருக்கும்.

இனிஷியல் படுத்தும் பாடு

முதல் சம்பளம் தடைபட நான் கண்ட காரணங்களில் தமிழர்களுக்கென்றே உள்ளது ஒன்று. நம் இனிஷியல்.

கவிதா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அப்பா பெயர் செல்வராஜ். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கவிதா எஸ்". ஆதாரில் "எஸ் கவிதா". பான் அட்டையில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால் "கவிதா செல்வராஜ்". வங்கிப் பாஸ்புக்கில் "எஸ்.கவிதா", நடுவில் புள்ளியோடு. கல்யாணம் ஆகியிருந்தால் இனிஷியலே மாறியிருக்கும். நம் கண்ணுக்கு நான்கும் ஒரே ஆள்தான். கணினிக்கு நான்கு பேர்.

இது எங்கே இடிக்கும்? பிஎஃப் கணக்கில். முதல்முறை வேலைக்கு வருபவர்களுக்கு வேலை மாறினாலும் மாறாத 12 இலக்க பிஎஃப் எண்ணான யுஏஎன் ஆதாரை வைத்துத்தான் உருவாகிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் உமாங் என்ற அரசுச் செயலியில் முகத்தைக் காட்டி நீங்களே உருவாக்க வேண்டும் என்று முறை மாறியது. அதில் ஏறும் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கும். அப்புறம் அந்தக் கணக்கோடு பானையும் வங்கிக் கணக்கையும் இணைக்கும்போது பெயர் ஒத்துப்போகவில்லை என்று நிராகரிப்பு வரும். ஆதாரில் பிறந்த தேதி தவறாக இருந்தால் இன்னும் சிக்கல். பிறந்த வருடம் மட்டும் பதிவாகி, ஜனவரி 1 என்று தானாக விழுந்த ஆதார்கள் நம் ஊரில் நிறைய உண்டு.

ஆகவே ஆஃபர் கையில் வந்த அன்றே ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள். மற்ற இரண்டையும் அதன்படி மாற்றுவது எளிது. பான் ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இணைக்காத பான் செயலிழந்துவிடும். வரி கட்டும் அளவு வருமானம் உள்ளவர் செல்லுபடியாகும் பான் இல்லாமல் இருந்தால் குறைந்தது 20 சதவீதம் வரியாகப் பிடித்துவிடுவார்கள்.

ஏற்கெனவே வேறு இடத்தில் வேலை பார்த்தவர்கள் பழைய யுஏஎன் எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். ஆறே மாதம் வேலை பார்த்துவிட்டு, "அது சின்னக் கம்பெனி, விட்டுடலாம்" என்று மறைத்துப் புது எண் வாங்கினால் பழைய பணம் தனியே மாட்டிக்கொள்ளும்.

வங்கிக் கணக்கு எண்

சம்பளம் போய்ச் சேருவது கணக்கு எண்ணை வைத்து. பெயர் சரியாக இருந்து எண் தவறாக இருந்தால் அந்த எண்ணுக்கு உரியவருக்குப் பணம் போய்விடலாம். ஒரு பையன் விண்ணப்பத்தில் கையால் எழுதிக் கொடுத்த 1ஐ எங்கள் பிரிவில் 7 என்று படித்துவிட்டோம். நல்ல வேளையாக அப்படி ஒரு கணக்கே இல்லாததால் பணம் திரும்பி வந்தது. திரும்பி வந்து, சரிபார்த்து, மறுபடி அனுப்ப நான்கு நாள் ஆனது. அவன் தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் அதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து கையால் எழுதியதை நான் வாங்குவதில்லை. ரத்து செய்த காசோலை, அல்லது பாஸ்புக்கின் அச்சிட்ட முதல் பக்கம். நீங்களும் அதையே கொடுங்கள்.

பாஸ்புக் பழையதாக இருந்தால், வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் பாருங்கள். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்தது. கணக்கு வைத்திருந்தவர்களின் பழைய குறியீடுகள் இப்போது செல்லாது. அப்பா ஆரம்பித்துக் கொடுத்த பழைய கணக்கோடு வருபவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

படிக்கும் காலத்தில் முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்கு என்றால், அதில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. சம்பளம் வந்தும் கைக்கு வராத நிலை. கிளைக்குப் போய் ஆவணம் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

நிறுவனமே சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுத்தால், அது தயாராகும் வரை முதல் சம்பளத்தை எந்தக் கணக்கில் போடுவார்கள் என்று கேளுங்கள். "கணக்கு இன்னும் ஆக்டிவ் ஆகலை" என்று சம்பளம் நிற்பது அடிக்கடி நடக்கிறது. உங்கள் சொந்தக் கணக்கு எண்ணை மாற்று ஏற்பாடாகக் கொடுத்து வைக்கலாம்.

எதெல்லாம் பிடிப்பார்கள்?

ஆஃபர் லெட்டரில் பெரிதாகத் தெரியும் தொகை சிடிசி. உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு அது. நம் உதாரணத்தில் மாதம் 40,000 சம்பளம், நிறுவனம் கட்டும் பிஎஃப் 1,800, பணிக்கொடைக்கு என்று பேசிக்கில் 4.81 சதவீதமாக ஒதுக்கும் 1,058 எல்லாம் சேர்ந்து மாதம் 42,858. ஆண்டுக்கு 5,14,296. அதை 12ஆல் வகுத்து அந்தத் தொகை கைக்கு வரும் என்று எதிர்பார்த்தால் முதல் மாதமே மனசு உடைந்துபோகும்.

பிஎஃப்: 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும். பேசிக்கில் 12 சதவீதம். பேசிக் அதிகமாக இருந்தாலும் 15,000 வரை மட்டும் கணக்கில் எடுக்கும் நிறுவனத்தில் முழு மாதத்துக்கு 1,800. ஜூலை 11 சேர்ந்தவருக்கு 21 நாள் பேசிக் 14,903, அதில் 12 சதவீதம் 1,788. ஆக, 27,097இல் கைக்கு வருவது 25,309. நிறுவனமும் தன் பங்கைக் கட்டுகிறது. இது உங்கள் பணம், பிடித்தம் என்று வருத்தப்பட வேண்டாம்.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு): மாத ஊதியம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். கணக்கில் எடுக்கும் ஊதியம் 18,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 135 ரூபாய். அந்த 135 ரூபாய்க்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவ வசதி உண்டு. பதிவு எண்ணும் அட்டையும் உடனே கேட்டு வாங்குங்கள். இதை இளைஞர்கள் அலட்சியம் செய்வதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உடம்பு சரியில்லாமல் போய், தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிக் கட்டிய பிறகு வந்து "நமக்கு இஎஸ்ஐ இருக்கா சார்?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். படிவத்தில் குடும்பத்தினர் பெயரை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

தொழில்வரி: தமிழ்நாட்டில் இது உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000க்கு மேல் போனால் 1,250 ரூபாய். ஒரு மாதம் மட்டும் சம்பளம் திடீரென்று 1,250 குறைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலை மாறுகிறவர்களுக்கு அங்கே மாதாமாதம் பிடிப்பதைப் பார்த்தால் புதிதாக இருக்கும்.

வருமான வரி: புதிய வரி முறையில், சம்பளக்காரர் எல்லோருக்கும் வருமானத்திலிருந்து கழிக்கும் நிலைக்கழிவு 75,000 சேர்த்து ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை சம்பள வருமானத்துக்கு வரி வராது. முதல் வேலைக்கு வரும் பெரும்பாலானோருக்கு இந்தப் பிடித்தம் இருக்காது. நடு வருடத்தில் வேலை மாறுகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பழைய இடத்தில் வாங்கியதைப் புதிய இடத்தில் சொல்லாவிட்டால், இரண்டு பேரும் தனித்தனியாக நிலைக்கழிவும் தள்ளுபடியும் கொடுத்துவிடுவார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமும் ஒன்றாகச் சேர்ந்து, கட்ட வேண்டிய வரி வட்டியோடு நிற்கும்.

முதல் மாதச் சம்பளத்தைப் "பாதுகாப்புத் தொகை" என்று நிறுத்தி வைப்பது சில இடங்களில் பழக்கமாகவே இருக்கிறது. ஓடிவிடக் கூடாது என்பதற்காம். சட்டம் அனுமதித்த பிடித்தங்களின் பட்டியலில் இது கிடையாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதிக்கு மேல் போகவும் கூடாது. சேரும் முன் இப்படி ஒரு நிபந்தனை சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் தர மறுக்கும் இடத்தில் சேர்வதா என்று வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

சம்பளச் சீட்டு வந்ததும்

மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். முதலில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். அதில் ஒரு நாள் தவறினாலும் பின்னால் பணிக்கொடை, விடுப்பு எல்லாமே அதிலிருந்துதான் எண்ணப்படும். அப்புறம் சம்பளம் தந்த நாட்கள். நீங்கள் எண்ணியதும் அவர்கள் எண்ணியதும் ஒத்துப்போகிறதா? எல்ஓபி என்ற கட்டத்தில் ஏதாவது எண் இருந்தால் அது சம்பளம் இல்லாத நாள். புதியவர்களுக்கு இது தவறாக விழுவது சகஜம். அடையாள அட்டை கிடைக்காத முதல் இரண்டு மூன்று நாள் நீங்கள் பதிவு இயந்திரத்தில் விரல் வைத்திருக்க மாட்டீர்கள், இயந்திரம் உங்களை வராதவராக எழுதியிருக்கும். அந்த நாட்களில் மேலாளருக்கு "வந்துவிட்டேன்" என்று ஒரு மெயில் போட்டு வைத்திருந்தால் அதைக் காட்டி உடனே சரிசெய்யலாம்.

யுஏஎன் எண், இஎஸ்ஐ எண், பான் எண் ஆகியவை சீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிடித்த பிஎஃப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். 20ஆம் தேதி வாக்கில் உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் அது தெரிய வேண்டும்.

வராவிட்டால்

சம்பள நாள் அன்று மாலை வரை பொறுங்கள். வங்கி விடுமுறையிலும் பணம் ஏறும் வசதி இப்போது உண்டு, ஆனாலும் பல நிறுவனங்கள் விடுமுறைக்கு முந்தைய நாளே போட்டுவிடும். மறுநாள் சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள். "சம்பளம் வரவில்லை" என்று மட்டும் எழுதாமல் பணியாளர் எண், சேர்ந்த தேதி, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மூன்றையும் சேர்த்து எழுதினால், எங்களால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்ல முடியும். அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தால் யுடிஆர் எண் கேளுங்கள். ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்கும் உரிய அடையாள எண் அது. அதைக் கொண்டுபோய் உங்கள் கிளையில் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடித் தருவார்கள்.

7ஆம் தேதியும் தாண்டி, பதிலும் இல்லை என்றால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நியமனக் கடிதம், வருகைக்கான ஆதாரம், நீங்கள் அனுப்பிய மெயில்கள் கையில் இருக்கட்டும். சேரும் முன் எழுதி வைக்கச் சொன்ன அந்த மெயில் இங்கே உதவும்.

அதுவரை கைச்செலவுக்கு

வெளியூரில் சேர்பவர்கள் 45 நாள் செலவுக்கான பணத்தோடு கிளம்புங்கள். அறை முன்பணம், முதல் மாத வாடகை, மெஸ் கட்டணம் மூன்றும் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். பணம் போதாது என்றால் வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அல்லது எச்ஆரிடம் சம்பள முன்பணம் கேளுங்கள். பல நிறுவனங்களில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. கைபேசியில் பத்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஒரு வாரக் கடனுக்காகத் தொடர்புப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போன் போட்டு அவமானப்படுத்தியதில் வேலையையே விட்டுப் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

வண்டிக்கோ கைபேசிக்கோ தவணை போடுவதாக இருந்தால் இரண்டாவது சம்பளம் வரும் வரை பொறுங்கள். முதல் மாதம் நாள் குறைவாக இருக்கும், அல்லது அரியரோடு கூடுதலாக இருக்கும். உங்கள் உண்மையான மாதச் சம்பளம் இரண்டாவது சீட்டில்தான் தெரியும். தவணைத் தேதியைச் சம்பள நாளுக்கு மூன்று நாளாவது தள்ளி வையுங்கள். சம்பளம் 7ஆம் தேதி, தவணை 5ஆம் தேதி என்று வைத்துக்கொண்டு மாதாமாதம் அபராதம் கட்டுகிறவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்துத் தேதியை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.

இரண்டாவது சீட்டு வந்ததும் அதை முதல் சீட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேசிக், படிகள் எல்லாம் ஆஃபர் லெட்டரில் சொன்னபடி முழுதாக வந்திருக்கின்றனவா, அரியர் நாட்கள் விடுபடாமல் ஏறியிருக்கின்றனவா, பிஎஃப் பாஸ்புக்கில் இரண்டு மாதமும் தெரிகிறதா என்று பாருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் அந்த வாரமே வந்து சொல்லுங்கள். ஒரு மாதத் தவறைத் திருத்துவது எங்களுக்கு ஒரு வரி வேலை. நிதியாண்டு முடிந்த பிறகு வந்தால், போன வருடக் கணக்கையே திறக்க வேண்டியிருக்கும்.